எதிர்க்காற்றில் பிறந்த சொல்

உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். தம் கிராமத்தின் வளர்ச்சியைப் பற்றி ஆங்கிலத்திற் கட்டுரை வரைந்தவர், "தி விலேஜ் ஹாஸ் மேட் மெனி ஹெட்வேஸ்" என்று ஓரிடத்தில் எழுதினாராம். ஆசிரியர் அவ்வாக்கியத்தின் கீழே சிவப்பு மையினாற் கோடிட்டு, "ஹெட்வேஸ்" என்பதை வெட்டிவிட்டுப் "புறோகிறெஸ்" என்று திருத்தியிருக்கிறார். "அகராதியில் இரண்டு சொற்களுக்கும் முன்னேற்றம் என்றுதான் பொருள் போடப்பட்டிருக்கிறது. அப்படியாயின் நான் செய்த பிழை யாது?" என்பது மாணவியின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. அகராதி பொருளைச் சொல்லும். ஆனால் ஒரு சொல் எங்கே பிறந்தது, எவருடைய வாயிற் பழகிற்று, எந்த இடத்தில் அது பொருந்தி நிற்கும் என்பவற்றை எல்லா அகராதிகளும் சொல்வதில்லை. அயல்மொழியைப் புத்தகத்தின் வாயிலாகக் கற்கும் நமக்கு இடர் விளைவது அங்கேதான். மாணவியின் வாக்கியத்தில் இரண்டு குறைகள் உள. ஒன்று இலக்கணத்தைச் சார்ந்தது; அதனை ஒரு நொடியிற் கூறிவிடலாம். மற்றது பொருளைச் சார்ந்தது. அது சற்று விரித்துரைக்கத் தக்கது. ஆகையால் இரண்டாவதையே முதலிற் காண்போம்.

தரைச் சொல்லும் கடற் சொல்லும்

முன்னேற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை அவை பிறந்த இடத்தைக் கொண்டு வகுத்துப் பார்ப்பது பயன் தரும். "புறோகிறெஸ்" என்பது இலத்தீன் மொழி வழியாக வந்தது. முன்னே அடியெடுத்து வைத்தல் என்பதே அதன் முதற்பொருள். அரசர் பரிவாரம் சூழ நாட்டைச் சுற்றிவரும் உலாவையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே குறித்தனர். முதலாம் எலிசபெத் அரசியார் கோடை காலங்களில் ஊர் ஊராகச் சென்று பிரபுக்களின் மாளிகைகளிலே தங்கிய பயணங்களுக்கு வரலாற்று நூல்களில் அதுவே பெயர். ஆகவே அது தரைச் சொல். நடையைச் சேர்ந்த சொல். "மேக் ஸ்றைட்ஸ்" என்பதும் காலை எட்டிவைத்து நடத்தலே. "கெயின் கிறவுண்ட்" என்பதோ போர்க்களத்தை நினைவூட்டுவது. பகைவர் நின்ற நிலத்தைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றுதல் என்பது அதன் உட்பொருள்.

"மேக் ஹெட்வே" என்னும் தொடர் இவற்றினின்றும் வேறுபட்டது. அது கடலிற் பிறந்தது. "ஹெட்" என்றால் தலை, "வே" என்றால் வழி, ஆகவே தலையாய வழி என்று பிரித்துப் பொருள் கொள்வது இங்கே பொருந்தாது. இவ்விடத்தில் "ஹெட்" என்பது "அஹெட்" என்பதன் குறுக்கம். முன்புறமாக என்று பொருள்படும். "வே" என்பதும் தெருவன்று; கப்பல் நீரிலே கொண்டுள்ள ஓட்டம். கப்பலானது தன் முகப்பை முன்னிட்டு, நீரைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஓட்டமே "ஹெட்வே" ஆகும். பாய்க்கப்பற் காலத்து மாலுமிகளின் பேச்சிலே வழங்கிய இச்சொல், அவர்களோடு கரைக்கு வந்து, நாளடைவில் அலுவலகம், பாடசாலை, மருத்துவமனை, பாராளுமன்றம் என எங்கும் புழங்கலாயிற்று. கப்பலையே கண்டிராதவரும் இன்று அதனைக் கையாளுகின்றனர்.

கப்பலின் ஓட்டங்கள்

இச்சொல்லுக்கு உடன்பிறப்புக்கள் சில உண்டு. கப்பல் முன்னே ஓடினால் "ஹெட்வே". காற்றோ அலையோ தள்ள, அது பின்பக்கமாக நகர்ந்தால் "ஸ்ரேண்வே". முகப்பு ஒரு திசையை நோக்கியிருக்க, காற்றின் தள்ளுகையினால் உடல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போவது "லீவே". இக்கடைசிச் சொல்லும் கரையேறி வேறு பொருள் பெற்றுவிட்டது. ஒருவருக்குச் சற்று விட்டுக்கொடுத்தலை, நெகிழ்ச்சி காட்டுதலை, இன்று "லீவே கொடுத்தல்" என்பர். கப்பல் ஒதுங்கும் என்பதை முன்னரே எண்ணி, அந்தப் பக்கத்தில் இடம் விட்டு ஓட்டும் மாலுமியின் எச்சரிக்கையை நினைத்தால் இப்பொருள் விளங்கும். தவறவிட்ட பாடங்களை ஈடுசெய்வதை "மேக் அப் லீவே" என்று கூறும் பிரித்தானிய வழக்கும் ஒதுங்கிப்போன தூரத்தை மீட்டெடுத்தலையே குறிக்கும்.

நான்காவதாக "ஸ்ரியறேஜ்வே" என்றொரு சொல் உண்டு. அது சுக்கானுக்கு அடங்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டம். இதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

இப்பொழுது கவனிக்க வேண்டியது ஒன்று. பாய்க்கப்பல் எதுவும் நேர் எதிர்க்காற்றை நோக்கி ஓட இயலாது. சதுரப் பாய் விரித்த பழைய பெருங்கப்பல்கள் காற்று வரும் திசையினின்றும் ஏறக்குறைய 67 பாகை விலகியே ஓடக்கூடியவை. எதிர்த்திசைக்குச் செல்ல வேண்டின், வலப்பக்கம் சிறிது தூரம், இடப்பக்கம் சிறிது தூரம் எனக் குறுக்கும் மறுக்குமாக ஓடி, ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிதளவு முன்னேறுவர். நாள் முழுதும் பாயை மாற்றி மாற்றிக் கட்டி உழைத்த பின்னும் சேர்ந்த தூரம் சில மைல்களாகவே இருக்கும். வல்வெட்டித்துறை முதலிய கடற்றுறைகளிலே கப்பலோட்டிய குடும்பங்களில் வந்தோர்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. சோழகம் எப்பொழுது, வாடை எப்பொழுது என்று பார்த்தே அவர்களுடைய முன்னோர் பாய் விரித்தனர்.

இவ்வாறு எதிர்ப்புக்கு நடுவே, உழைப்பினாற் பெறும் சிறு தூரமே "ஹெட்வே". சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் "புறோகிறெஸ்" இருக்கலாம். "ஹெட்வே" என்பதற்கு அங்கே வேலையில்லை.

எங்கே பொருந்தும்?

பழைய கையெழுத்துச் சுவடியொன்றைப் படிக்க முயலும் ஆராய்ச்சியாளர் பல வாரங்கள் திகைத்த பின்னர் சில வரிகளை விளங்கிக்கொள்கிறார். அவர் "ஹெட்வே" கண்டார் எனலாம். பிணங்கி நிற்கும் இரு தரப்பினரிடையே நடைபெறும் பேச்சுவார்த்தையில் ஓர் உடன்பாடு அரும்புகிறது. அங்கும் அது பொருந்தும். கணக்கு என்றாலே அஞ்சிய மாணவன் ஒருவன் சமன்பாடுகளைத் தானே தீர்க்கத் தொடங்குகிறான், அங்கும் பொருந்தும். ஆனால் ஒரு குழந்தை வயதில் வளர்வதற்கோ, தேர் வீதியில் நகர்வதற்கோ, சம்பளம் ஆண்டுதோறும் முறைப்படி உயர்வதற்கோ இச்சொல்லை ஆளுதல் கூடாது. அவற்றை எதிர்த்து நிற்பது எதுவுமில்லை.

மாணவியின் வாக்கியத்திலே உள்ள பொருட்குறை இதுவே. கிராமத்திற்கு வீதி வந்தது, மின்சாரம் வந்தது, பாடசாலைக்கு மாடி எழுந்தது என்று பொதுவாக வளர்ச்சியைச் சொன்னாரேயன்றி, எதனை எதிர்த்து அவ்வளர்ச்சி வந்தது என்று கூறினாரல்லர். "நீண்ட வரட்சியையும் உவர்நீரையும் எதிர்த்து, நல்ல குடிநீர் பெறும் முயற்சியில் எங்கள் கிராமம் ஓரளவு முன்னேறியிருக்கிறது" என்று எழுத நினைத்திருந்தால், அதே சொல் அழகாக அமைந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. முன்னேறுவது எப்பொழுதும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பண்டகசாலையிற் பற்றிய தீ, அணைப்பவர்களின் முயற்சியையும் மீறிப் பரவினால், அத்தீ "ஹெட்வே" பெற்றது என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. இங்கே எதிர்ப்பவர் நாம், முன்னேறுவது தீ. "புறோகிறெஸ்" என்னும் சொல்லிலே நன்மையின் சாயல் பெரும்பாலும் கலந்திருக்கும். "ஹெட்வே" யார் பக்கமும் சாராதது. எது எதனை எதிர்த்து நகர்கிறது என்பதை மாத்திரமே அது நோக்கும்.

இலக்கணம்

இனி, சிவப்பு மைக்குக் காரணமான இலக்கணத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்வார்களாக.

முதலாவது, "ஹெட்வே" எண்ணப்படாப் பெயர். தண்ணீரையும் காற்றையும் போல அதற்குப் பன்மை இல்லை. ஆகவே "ஹெட்வேஸ்" என்பது வழு. "மெனி" என்னும் அடையும் அதன் முன்னே வாராது. ஒருமையைக் குறிக்கும் "அ" என்னும் சிறு சொல்லும் அவ்வாறே. "மேட் அ குட் ஹெட்வே" என்று நம் மாணவர் பலர் எழுதுகின்றனர். "மேட் குட் ஹெட்வே" என்பதே செம்மையானது.

இரண்டாவது, இதனோடு சேரும் வினை பெரும்பாலும் "மேக்" என்பதாகும். "கெயின்" என்பதும் வரும். "டூ" என்னும் வினை சேராது.

மூன்றாவது, அளவுச் சொற்கள். "சம்" என்றால் சிறிது முன்னேற்றம். "லிற்றில்" என்றால் மிகச் சொற்பம், ஏறக்குறைய இல்லை. "நோ" என்றால் அறவே இல்லை. "மச்" என்பது உடன்பாட்டு வாக்கியத்திற் சிறப்பதில்லை. எதிர்மறையிலும் வினாவிலுமே அது இயல்பாக அமையும். இத்தொடர் "சிறிது", "சொற்பம்", "இல்லை" என்னும் சொற்களோடு பெரிதும் பழகியிருப்பதும் அதன் பிறப்புக்கு ஏற்றதே. எதிர்க்காற்றில் ஓடுபவனுக்குப் பெருந்தூரம் கிடைப்பது அரிதல்லவா?

நான்காவது, உருபிடைச் சொற்கள். கையில் எடுத்த வேலையையோ சிக்கலையோ குறிக்கும்பொழுது "வித்". துறையையும் பேச்சுவார்த்தையையும் குறிக்கும்பொழுது "இன்". அடைய விரும்பும் இலக்கைக் குறிக்கும்பொழுது "ருவேர்ட்ஸ்". எதிர்த்து நிற்கும் சக்தியைக் குறிக்கும்பொழுது "அகெய்ன்ஸ்ற்". நான்கும் வழக்கிலுள்ளவை. எனினும் இறுதியிற் கூறியதே சொல்லின் பிறந்த வீட்டுக்கு மிக அண்மையானது.

போக்குவரத்துத் துறையினர் ஒரு பேருந்துக்கும் அடுத்த பேருந்துக்கும் இடைப்பட்ட நேரத்தையும் "ஹெட்வே" என்றே அழைப்பர். அது தொழிற்சொல், நாம் எடுத்துக்கொண்ட தொடரோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

எதனைக் கொண்டு அளப்பது?

இலக்கணம் முடிந்தது. ஆயினும் இச்சொல் நமக்குக் கற்பிக்கும் பாடம் முடியவில்லை. "கப்பல் முன்னே ஓடுகிறது என்றால், எதனோடு ஒப்பிட்டு?" என்று ஒரு மாலுமி கேட்பான். நீரோடு ஒப்பிட்டா, நிலத்தோடு ஒப்பிட்டா? இரண்டும் ஒன்றல்ல.

பழைய கப்பல்களிலே வேகத்தை அளந்த விதம் எளிமையானது. கனம் கட்டிய சிறு மரப்பலகையொன்றைக் கயிற்றிற் பிணித்துக் கப்பலின் பின்புறத்தே நீரில் இடுவர். பலகை நீரிலே ஏறக்குறைய அசையாது நிற்க, கப்பல் முன்னே ஓட, கயிறு அவிழ்ந்து செல்லும். கயிற்றிலே 47 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாக முடிச்சுக்கள் இடப்பட்டிருக்கும். 28 விநாடி ஓடும் மணற்கடிகாரம் ஒழியும்வரை எத்தனை முடிச்சுக்கள் கையைக் கடந்தன என்று எண்ணினால், மணிக்கு அத்தனை கடல்மைல் வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் "நொட்" என்று, அஃதாவது முடிச்சு என்று, கூறுவது இதனாலேயே. அந்தப் பலகைக்கு "லொக்" என்று பெயர். அதன் கணக்கை எழுதிய ஏடு "லொக் புத்தகம்" ஆயிற்று. இன்று பிள்ளைகள் கணினியில் "லொக் இன்" செய்யும்பொழுது அந்தப் பழைய மரப்பலகையின் பெயரையே சொல்லுகிறார்கள்.

இந்தப் பலகை அளந்தது நீரின்மேல் ஓடிய ஓட்டத்தை. நீரே பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால் அதனைப் பலகை அறியாது. இதனால் விளைந்த பெருந்துன்பம் ஒன்றைக் கடல் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

1741ஆம் ஆண்டில், ஜோர்ஜ் அன்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் "செஞ்சூரியன்" முதலிய கப்பல்களோடு தென்னமெரிக்காவின் தென்முனையாகிய ஹோர்ன் முனையைச் சுற்றி மேற்கே செல்ல முயன்றார். மார்ச்சு மாதத்திலே தொடங்கிய புயல் ஓயவில்லை. மேற்கிலிருந்து காற்று அடித்தது; நீரோட்டமும் கிழக்கு நோக்கியே இழுத்தது. ஆயினும் நாள்தோறும் கணக்கெழுதி, போதிய தூரம் மேற்கே வந்துவிட்டோம் எனத் துணிந்து, ஏப்பிரல் மாதத்தில் வடக்கே திரும்பினர். ஓரிரவு, முன்னே சென்ற சிறு கப்பலில் இருந்தவர்கள் நிலவொளியிலே எதிரே கரை தெரியக் கண்டு திடுக்கிட்டனர். கணக்கின்படி அவர்கள் நிலத்தினின்றும் நூற்றுக்கணக்கான மைல் அப்பால் இருந்திருக்க வேண்டும். பாறையில் மோதாமல் தப்பியது அருந்தப்பு.

துன்பம் அத்துடன் தீரவில்லை. ஸ்கேவி நோயால் வாடிய மாலுமிகளைக் காப்பதற்கு யுவான் பெர்னாண்டஸ் தீவை அடைய வேண்டியிருந்தது. தாம் கிழக்கே நிற்கிறோமா மேற்கே நிற்கிறோமா என்று தெளியாமையால், அன்சன் தீவை நெருங்கிய நிலையிலே கிழக்கே திரும்பி, சிலி நாட்டுக் கரையைக் கண்ட பின்னரே மீண்டும் மேற்கே வந்தார். அந்த வீண் நாட்களிலே பல உயிர்கள் மாண்டன. கடலில் கிழக்கு மேற்கு நிலையைத் திருத்தமாகக் காண, நேரம் தவறாத கடிகாரம் வேண்டும். ஜோன் ஹரிசன் என்பவர் செய்த முதற் கடற்கடிகாரம், 1736ஆம் ஆண்டில் இதே செஞ்சூரியன் கப்பலிலேதான் லிஸ்பன் நகருக்குப் பரீட்சார்த்தமாகக் கொண்டு செல்லப்பட்டது என்பது வியப்புக்குரியது. ஆனால் அன்சனின் பயணத்துக்கு அது உதவவில்லை.

47 ஆண்டுகளின் பின்னர், 1788இல், வில்லியம் பிளை என்பவர் "பவுண்டி" என்னும் கப்பலில் அதே முனையைச் சுற்ற முயன்றார். ஏறக்குறைய ஒரு மாதம் போராடினார். மாலுமிகள் களைத்தனர், முன்னேற்றம் இல்லை. ஏப்பிரல் 22ஆம் நாள் அவர் கப்பலைத் திருப்பி, மேற்கே போக வேண்டியவர் கிழக்கே புறப்பட்டு, ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைக் கடந்து, உலகத்தின் மறுபுறமாகச் சுற்றி, ஒக்டோபர் 26ஆம் நாள் தகித்தித் தீவை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து அதுவரை ஓடிய தூரம் பலகைக் கணக்கின்படி 27,086 மைல். அவருடைய கடுமையைப் பற்றியும், அதன் பின்னர் அக்கப்பலில் எழுந்த கலகத்தைப் பற்றியும் பலர் பலவிதமாக எழுதியுள்ளனர். அது வேறு கதை. முன்னேற்றம் இல்லை என்பதை மறைக்காது ஏற்று, உரிய வேளையிலே வழியை மாற்றினார் என்பதே நமக்கு இங்கே வேண்டியது.

அறிக்கைகளும் உண்மையும்

இந்த இரண்டு பயணங்களையும் நினைவில் இருத்திக்கொண்டு பத்திரிகைச் செய்திகளைப் படித்தால், ஒரு விடயம் புலப்படும். "பேச்சுவார்த்தையில் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது", "விசாரணையில் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது" என்னும் வாக்கியங்கள் பெரும்பாலும் "சம் ஹெட்வே" என்பதன் மொழிபெயர்ப்புக்களே. அவை பொய்யல்ல. ஆனால் எதனோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்பதை அவை சொல்வதில்லை. கூட்டங்கள் நடந்தன, கடிதங்கள் எழுதப்பட்டன, குழுக்கள் அமைக்கப்பட்டன. இவை நீரின்மேல் ஓடிய ஓட்டம். துன்பப்பட்டவருடைய துன்பம் எவ்வளவு குறைந்தது என்பது நிலத்தின்மேல் நகர்ந்த தூரம். முன்னதை மாத்திரம் எண்ணிப் பின்னதை மறந்தால், அன்சனின் கணக்கே நமது கணக்குமாகும்.

நமது நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. பின்னர், 1940களின் நடுப்பகுதி தொடக்கம், டி.டி.ரி. மருந்து தெளித்து நுளம்பை ஒழிக்கும் முயற்சி நடந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் 17 பேர் மாத்திரமே. நோயை எதிர்த்துப் பெற்ற அம்முன்னேற்றத்துக்கு "ஹெட்வே அகெய்ன்ஸ்ற்" என்பதிலும் பொருத்தமான தொடர் இல்லை. ஆனால் அது கரை சேர்ந்ததாகாது. நோய் ஒழிந்தது என்றெண்ணிக் காவல் தளர்ந்தது. 1960களின் இறுதியிலே இலட்சக்கணக்கானோர் மீண்டும் மலேரியாவாற் பீடிக்கப்பட்டனர். மறுபடியும் பல ஆண்டுகள் உழைத்து, 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் நாம் பெற்றோம்.

எதிர் நீரோட்டத்தில் ஓடும் கப்பல் ஓட்டத்தை நிறுத்தினால் நின்ற இடத்திலே நிற்பதில்லை, பின்னே இழுக்கப்படும். "ஹெட்வே" என்னும் சொல்லுக்குள்ளே இந்த எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. "புறோகிறெஸ்" என்னும் சொல்லில் அது இல்லை. தரையில் நடப்பவன் களைத்தால் நின்றுவிடலாம். நின்ற இடம் அவனுடையதே.

தமிழில் எவ்வாறு சொல்வது?

இத்தொடரை எவ்விடத்தும் "முன்னேற்றம்" என்றே மொழிபெயர்ப்பது சோம்பல். தமிழில் இடத்துக்கேற்ற வழக்குகள் பல உண்டு. தடைப்பட்டுக் கிடந்த வேலை சிறிது நகர்ந்தால் "வேலை அசையத் தொடங்கியது" எனலாம். முரண்டுபிடித்த காரியம் கைக்குள் வந்தால் "ஒரு வழிக்கு வந்தது" என்பர். எதிர்ப்பை அழுத்திச் சொல்ல வேண்டின் "எதிர்நீச்சலிட்டு முன்னேறினர்" என்பது தக்கது. முன்னேற்றம் இல்லையாயின் "ஓரடியும் நகரவில்லை" என்பது போதும்.

நம்முடைய பழமொழிகளோ இன்னும் நுட்பமானவை. "சாண் ஏற முழம் சறுக்குகிறது" என்பது முன்னேற்றமின்மை மாத்திரமன்று. மாலுமிகள் கூறும் "ஸ்ரேண்வே" அதுதான். செக்குமாட்டை எடுத்துக்கொள்வோம். அது நாள் முழுதும் நடக்கிறது. நடை உண்டு, தூரம் இல்லை. அன்சனின் கப்பலுக்கு நேர்ந்த நிலையைத் தமிழன் செக்கடியிலே கண்டு சொல்லிவிட்டான். மொழிபெயர்க்கும் மாணவர்கள், அகராதியைத் திறப்பதற்கு முன் தம் பாட்டிமாரின் பேச்சை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

வீட்டுக்கும் வகுப்புக்கும்

முன்னே ஒரு சொல்லைப் பின்னர் காண்போம் என்று விட்டோம். "ஸ்ரியறேஜ்வே" என்பது அது. கப்பலைத் திருப்புவது சுக்கான். ஆனால் கப்பல் அசையாது நிற்கும்பொழுது, நீரோட்டமும் இல்லையாயின், சுக்கானை எப்பக்கம் திருப்பினாலும் பயனில்லை. சுக்கானைக் கடந்து நீர் ஓடினாற்றான் அதற்கு வலிமை உண்டாகும். எனவே கப்பலை நெறிப்படுத்துவதற்கு முன் அதற்குச் சிறிதளவேனும் ஓட்டம் வேண்டும். வேகம் வேண்டியதில்லை, அசைவு வேண்டும்.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாட்களிலே தந்தைமார் வந்து, "மகன் இப்ப எப்பிடி, சேர்? ஏதும் முன்னேற்றம் இருக்கோ?" என்று கேட்பார்கள். அறிக்கையிலுள்ள புள்ளிகளைப் பார்த்து உடனே விடை கூறிவிடலாம். ஆனால் 75 புள்ளியிலிருந்து 80 புள்ளிக்கு வந்தவனுடைய ஐந்தும், 20 புள்ளியிலிருந்து 25 புள்ளிக்கு வந்தவனுடைய ஐந்தும் ஒரே ஐந்தல்ல. முதலாமவனுக்குக் காற்றுச் சாதகம். வீட்டிலே அமைதி, கையிலே நூல்கள், கேட்டால் விளக்கம் சொல்லப் பெரியோர். மற்றவன் மாலையிற் கடையிலே நின்று, இரவிற் புத்தகத்தை விரித்தவன். முன்னவனுடையது "புறோகிறெஸ்". பின்னவனுடையதே "ஹெட்வே". அறிக்கைத் தாளில் இரண்டுக்கும் ஒரே இலக்கந்தான். எதிர்க்காற்றின் வலிமையை எழுதுவதற்கு அத்தாளிலே கட்டம் இல்லை.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அயல்வீட்டுப் பிள்ளை எத்தனை மைல் ஓடினான் என்று கேளாதீர்கள். உங்கள் பிள்ளை எந்தக் காற்றை எதிர்த்து ஓடுகிறான், சென்ற தவணையில் நின்ற இடத்தினின்றும் எவ்வளவு நகர்ந்திருக்கிறான் என்று பாருங்கள். சிறிது நகர்ந்திருந்தாலும் அதனை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிறிதும் நகரவில்லையாயின், அவன் உழைக்கவில்லை என்று முடிவுகட்டுமுன், பிளை செய்ததுபோல வழியை மாற்ற வேண்டுமோ என்று ஆராயுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. தொடங்காத வேலையை எவராலும் திருத்த இயலாது. பிழையோடு எழுதிய ஒரு பக்கம் ஆசிரியரிடம் வந்தால், அதனைச் சுக்கானைத் திருப்புவதுபோலத் திருப்பிவிடலாம். வெறுந்தாளை என்ன செய்வது? வினா விடுத்த மாணவி தவறாகவேனும் அச்சொல்லை எழுதினார். எழுதியதனாலேயே சிவப்பு மை கிடைத்தது. சிவப்பு மை கிடைத்ததனாலேயே வினா பிறந்தது. அவருடைய கப்பலுக்கு ஓட்டம் இருக்கிறது. ஆங்கிலம் என்னும் எதிர்க்காற்றிலே அவர் "ஹெட்வே" காண்கிறார் என்று, பன்மை விகுதி சேர்க்காமல், நாம் துணிந்து எழுதலாம்.

"லீவே" என்னும் சொல்லின் ஆட்சியைப் பற்றி இன்னும் சில கூற வேண்டியிருக்கிறது. அதனை அடுத்த வாரம் காண்போம்.